பதினொரு மணி மாத்திரை

சேசு மரி சூசை துணை

அரூர்
16.3.1986, ஞாயிறு

அன்பு மகள் இசபெல்லாவுக்கு உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். என் வயதுக்கும் வியாதிக்கும் எவ்வளவு சுகம் உண்டோ அவ்வளவு சுகமாகவும் இருக்கிறேன். நீயும் குவைத் வெயிலில், அந்த வார்டு வேலையில், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து இப்போது பெரிதாக இருக்கும், போகப் போக எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். அதுவும் இந்தப் பார்க்கின்சன் செய்கிற வேலைதான் என்று சேலத்து டாக்டர் சொன்னார், அப்பா காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைக்காதே. மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, காலையில் எட்டிலிருந்து பத்தரைக்குள் எழுதுகிறேன். அதனால் இதை முடிக்க மூன்று நான்கு நாள் ஆகும். தேதி மட்டும் இன்றைய தேதி.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. நாலு பக்கத்தில் ஒன்பது இடத்தில் மன்னிப்பு கேட்டிருக்கிறாய். இருபத்தாறு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி போகுமா. மன்னிக்கிற அளவுக்கு நீ எந்தக் குற்றமும் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ இதைப் படித்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. நடந்ததை உன் சித்தப்பன் உனக்கு எழுதியிருப்பான், ஆனால் பாதிதான் எழுதியிருப்பான். தன் மேல் பழி வருகிற பாதியை எழுதிவிட்டு என் மேல் வருகிற பாதியை விட்டிருப்பான், சின்னப்பனின் சுபாவம் அது. அதனால் நான் வரிசையாகச் சொல்கிறேன். இனிமேல் நான் எங்கே இருக்கப் போகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நம் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்திருக்கிறார், சின்ன வயது, நல்ல குரல். பிப்ரவரி பதினொன்றாம் தேதி லூர்து மாதா திருநாளுக்கு நோயாளிகள் எல்லாருக்கும் பூசையில் வைத்து எண்ணெய் பூசப் போவதாக அறிவித்தார். இது சாகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது அல்ல, சுகம் கேட்டு எந்த வியாதிக்காரரும் வாங்கலாம், சபை இப்போது அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கமும் சொன்னார். முன் பெஞ்சில் இருந்த எனக்குப் புரிந்தது, பின்னால் நின்றவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ. நம் சனங்களுக்கு அவஸ்தைப் பூசுதல் என்றால் ஒரே அர்த்தம்தான். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் போனால் அடுத்தபடி பெட்டி செய்கிறவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். உன் அம்மாவுக்கும் அப்படித்தானே நடந்தது. அன்று ஒன்பது பேர் வாங்கினோம், நான் ஏழாவது. நெற்றியிலும் இரண்டு கையிலும் பூசிக்கொண்டு, தடியை ஊன்றி, நானேதான் நடந்து வீட்டுக்கு வந்தேன். பத்தேகால் ஆகியிருந்தது.

இனி என் பாதி. காலை ஏழு, பதினொன்று, மூன்று, இரவு ஏழு என்று எனக்கு நாலு வேளை மாத்திரை. ஒன்றின் வேகம் இறங்கிவிட்டால் அடுத்தது ஏறும் வரை நான் மரக்கட்டைதான். கை எழும்பாது, முகம் அசையாது, வாய் திறந்தது திறந்தபடி இருக்கும், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். காது மட்டும் நன்றாகக் கேட்கும். மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழிந்தால் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பேன். இதற்காகத்தான் கட்டில் பக்கத்தில் அலாரம் வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், நான் கட்டையாகிவிட்ட நாளில் அலாரம் கேட்டு வந்து மாத்திரை கொடுக்கிற பக்கத்து போர்ஷன் தீர்த்தம்மாளுக்குத் தெரியும். உனக்கு அரைகுறையாக எழுதினேன், உன் சித்தப்பனிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக் கம்பைநல்லூருக்குக் கொண்டுபோய்விடுவான் என்ற பயம். தனியாக இருக்கிற ஆசையில் மறைத்தேன். மறைக்காமல் இருந்திருந்தால் அன்று நடந்தது எதுவும் நடந்திருக்காது, நீயும் அப்படி அழுதிருக்க மாட்டாய்.

சின்னப்பனும் லூர்தம்மாளும் திருநாளுக்கு வந்திருந்தார்கள். பூசை முடிந்து கடைக்குப் போய்விட்டு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோது பத்து ஐம்பது. நான் அதற்குள் கட்டிலில் சாய்ந்து கட்டையாகிவிட்டேன். உன் சித்தி என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியில் எண்ணெய் மினுமினுப்பைப் பார்த்தாள், ஐயோ மாமாவுக்கு அவஸ்தை குடுத்துட்டாங்களே, பேச்சு நின்னு போச்சே என்று கத்திவிட்டாள். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் இருந்த நம் சனங்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பதினொன்றுக்கு அலாரம் அடித்தது. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா பாப்பா, வந்துவிட்டது, இதோ யாராவது டப்பாவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தேன். லூர்தம்மாள் அலாரத்தைத் தலையில் தட்டி நிறுத்தினாள். ஒரு அம்மாள் மட்டும் மாத்திரை டப்பாவைப் பார்த்து இது குடுக்கறதுங்களா என்று கேட்டாள். அவஸ்தை வாங்கினவங்களுக்கு இனி மாத்திரை எதுக்குங்க, நிம்மதியா போகட்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அது வெளியே தெரியாத முகமாகிவிட்டது.

கையில் மெழுகுதிரியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். செபமாலை சொன்னார்கள். உருகின மெழுகு புறங்கையில் விழுந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆத்துமா பிரியற நேரத்துல அப்பிடித்தான் வரும் என்று துடைத்துவிட்டார்கள். கெட்டவர்கள் ஒருத்தரும் இல்லை அங்கே, எல்லாரும் நிஜமாகத்தான் அழுதார்கள். சின்னப்பன் என் கால்மாட்டில் உட்கார்ந்து, சின்ன வயதில் நான் அவனைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதான். அதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. இப்படி இரண்டு மணி நேரம் நான் என் சாவுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். பயம் சாவைப் பற்றி இல்லை கண்ணு. என்னைப் பற்றி இத்தனை பேர் முடிவு செய்கிறார்கள், நான் அங்கேயேதான் இருக்கிறேன், என்னை ஒருத்தரும் கேட்க முடியவில்லை, அதுதான் பயம்.

அப்போதுதான் உனக்குத் தந்தி கொடுக்கிற பேச்சு வந்தது. உன் அம்மா மிக்கேலம்மாள் தவறியபோது நீ திருச்சியில் நர்ஸ் படிப்பில் இருந்தாய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் தந்தி கொடுத்தேன். நம் பக்கம் யாரும் செத்துப்போனதைத் தந்தியில் எழுத மாட்டோம். நீ ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் ஆறு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாய், நான்தான் உன்னை அழைத்துப் போக நின்றிருந்தேன், சாத்துக்குடி ஸ்டாண்டு முழுக்க உருண்டது. இனிமேல் எனக்குப் பொய்த் தந்தி கொடுக்காதீங்க, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க என்று அன்றைக்கு நீ போட்ட சண்டையை உன் சித்தப்பன் மறக்கவில்லை. பாப்பா கிட்ட மறைக்கக் கூடாது, அப்பா தவறிட்டாருன்னே அடிச்சிடலாம், தந்தி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிரும், அந்த ஊருல செத்தாத்தான் லீவு குடுப்பாங்களாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். உன்மேல் இருந்த மரியாதையில்தான் அவன் அப்படிச் செய்தான், அதனால் நீயும் அவனைத் திட்டாதே.

தீர்த்தம்மாள் ஒரு மணிக்கு ரேஷன் கடையிலிருந்து வந்தாள். அவள் நம் வேதம் இல்லை, அவஸ்தை எல்லாம் அவளுக்குத் தெரியாது. வாசலில் செருப்புகளைப் பார்த்து உள்ளே வந்தவள், பதினோரு மணி மாத்திரை குடுத்தீங்களா என்று ஒன்றுதான் கேட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து, மாத்திரையை ஸ்பூனில் நசுக்கித் தண்ணீரில் கரைத்து, என் தலையைத் தன் கையில் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். உன் சித்தி தடுக்கப் போனாள், அண்ணன் செத்தா நான் பதில் சொல்லிக்கறனுங்க, நீங்க தள்ளுங்க என்றாள் இவள். ஒன்றே முக்காலுக்கு நான் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு அம்மாமார்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் நானும் சிரித்தேன், அழவும் செய்தேன். சின்னப்பன் திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா சுகம், முதல் தந்தி தவறு என்று சாயங்காலமே அடுத்த தந்தி கொடுத்தான். ஆனால் முன்னால் புறப்பட்டது முன்னால்தானே போய்ச் சேரும்.

உன் பதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. தந்திக்காரர் தெருமுனையிலேயே விசாரித்திருக்கிறார், சாவு வூடு எதுங்க என்று. வந்து என்னிடமே கேட்டார், நான் இதுதான் என்றேன். உன் சித்தப்பன் பெயருக்கு வந்ததைப் பிரிப்பது முறையில்லைதான், என் சாவைப் பற்றியது என்பதால் பிரித்தேன். லீவு இல்லை, காத்திருக்க வேண்டாம், அம்மா பக்கத்தில் அடக்கம் செய்யவும், இசபெல்லா. அவ்வளவுதான் இருந்தது. பாஸ்போர்ட் அவர்கள் கையில், ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம், நீ வேறு என்ன எழுத முடியும். நம் ஊரில் நாள் கணக்கில் உடம்பை வைத்திருக்க முடியாது என்பது நர்ஸுக்குத் தெரியாதா. ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நான் நாலு தடவை படித்தேன். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் கண்ணு, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, வலித்தது. அன்றைக்கு மூன்று மணி மாத்திரையை நான் மறந்தேன், அலாரம் அடித்தும் கையில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபம் இல்லை. நீ அதை எழுதிக் கொடுத்துவிட்டு அந்தத் தந்தி ஆபீஸ் வாசலில் தனியாக நின்றிருப்பாய், பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அதை நினைத்துத்தான் வலித்தது. அழுவதற்காவது ஒரு மணி நேரம் விட்டார்களா, இல்லை நேரே டியூட்டிக்குப் போனாயா. உன் கடிதத்தில் அதை எழுதவில்லை.

இனி நான் எங்கே இருப்பது என்கிற விஷயம். இந்த வீட்டில் இனி இருக்க முடியாது. வீட்டுக்காரர் பச்சியப்பன் நல்ல மனுஷன், பத்து வருஷமாக ஒரு சொல் சொன்னதில்லை. தரையில் சாக்பீஸால் நான் கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்த்து ஒருமுறை மட்டும் வூட்டுக்குள்ள இது என்னாங்க என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், மந்திரம் கிந்திரம் என்று பயந்திருக்கிறார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் எதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுகிற மாதிரி எடுத்து வைக்க முடிகிறது, கோடு இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பேன் என்று விளக்கினேன், சரிங்க என்று போய்விட்டார். இப்போது வந்து, வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒருமுறை சாவு வீடான வீடு. நான் தப்பாக நினைக்கவில்லை.

நீ சித்தப்பா வீட்டுக்குப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கே எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர்களுடைய அன்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கஷ்டம். எழுந்தால் நீங்க ஒக்காருங்கண்ணா என்கிறான். சட்டைப் பொத்தான் போடக் கையைக் கொண்டுபோனால் லூர்தம்மாள் ஓடி வந்து போட்டுவிடுகிறாள். எனக்கு ஒரு பொத்தானுக்கு நாலு நிமிஷம் ஆகும், ஆகட்டுமே, எனக்கு எந்த பஸ்ஸும் புறப்படப் போவதில்லை. சாதத்தைப் பிசைந்து ஊட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். மாத்திரை டப்பா அவர்கள் ரூமில். தொந்தரவு பண்ண வேண்டாம், தூங்கறாரு என்று ஒரு நாள் பதினோரு மணி மாத்திரையைப் பன்னிரண்டுக்குக் கொடுத்தார்கள், அந்த ஒரு மணி நேரம் நான் தூங்கவில்லை, கட்டையாகக் கிடந்தேன். எட்டாம் நாள் நான் எழுந்து நிற்கவே யோசித்தேன். வியாதி ஒரு வருஷத்தில் செய்யாததை அந்த அன்பு எட்டு நாளில் செய்துவிட்டது. இதை அவர்களிடம் சொல்ல முடியுமா, சொன்னால் தாங்குவார்களா, உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

சேலம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாகச் சொன்னார்கள், பெயர் வேண்டாம், போய்ப் பார்த்தேன். ஒரே ஹாலில் முப்பது கட்டில். சுத்தமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் மாத்திரை, எல்லா மாத்திரையும் ஆபீஸ் பீரோவில். எனக்கு நேரம் தவறக் கூடாது என்றேன், இங்க எல்லாருக்கும் ஒரே நேரம்தாங்க என்றார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன், எதுக்குங்க என்றார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊரு எந்த ஊரு என்று கேட்டுக்கொண்டே கேட் வரைக்கும் வந்தார், நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பேச்சே வரவில்லை, அது மாத்திரைக் கோளாறு இல்லை.

பிறகு நம் சாமியார்தான் தீர்த்தமலை ரோட்டில் சிஸ்டர்கள் புதிதாகக் கட்டியிருக்கிற இல்லத்தைச் சொன்னார். எண்ணெய் பூசி என்னைச் சாகடித்ததற்கு அவருக்கு மனசு கேட்கவில்லை, தானே மோட்டார் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனார். பதினோரு பேர்தான் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு சின்ன ரூம், வரிசையாக. நான் வராந்தாவில் காலை வைத்தேன் இசபெல்லா. சிவப்பு சிமெண்டுத் தரை. கொத்தனார் அழகுக்காக ஓரடிக்கு ஒரு கோடு கிழித்து விட்டிருக்கிறார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நான் தடியைச் சாமியார் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்தேன். கடைசி ரூம் வரை நிற்காமல் போய், திரும்பி வந்தேன். இரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் என்னைப் பார்த்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, உன் அம்மா இருந்திருந்தால் என்று தோன்றியது.

ஆனாலும் தரையைப் பார்த்து மயங்கிவிடாமல் சிஸ்டர் பெர்னதெத்திடம் உட்கார்ந்து பேரம் பேசினேன். மலையாளத்து அம்மாள், கண்டிப்பான ஆள். மாத்திரை டப்பாவும் அலாரமும் என் ரூமில் என் கையில்தான் இருக்கும் என்றேன், யோசித்துவிட்டு, டப்பா உங்க கிட்ட இருக்கட்டும், அலாரம் அடிச்சு நீங்க நிறுத்தலைன்னா ஒரு சிஸ்டர் உள்ளே வந்து பார்ப்பா என்றார். அது நான் கேட்டதை விட நல்ல ஏற்பாடு. உள்தாழ்ப்பாள் வேண்டும் என்றேன், வெளியிலிருந்து கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போட்டுத் தருவதாகச் சொன்னார், ஒத்துக்கொண்டேன். சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் அழுத்துகிற பட்டன் தைத்துத் தருவார்களாம், என் சட்டையை நானே போட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போது வெளியே ஒரு ஆள் நிற்பார், நான் கூப்பிட்டால்தான் உள்ளே வருவார். ஸ்டவ் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். என் காப்பியை நானே போட்டுக் குடிக்க வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். உங்க கையைக் காட்டுங்க என்றார். காட்டினேன், மேசையில் வைத்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாகப் போட்ட காப்பி போயிற்று. பிளாஸ்கில் வெந்நீர் தருவார்கள், டிகாக்‌ஷனையும் பாலையும் நான் கலந்துகொள்ளலாம், அதையாவது விட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அங்கே இருக்கிற மற்றவர்களுக்கும் எந்த மாத்திரை எந்த நேரம் என்று ஒரு அட்டவணை எழுதிக் கொடுங்கள் என்று சிஸ்டர் கேட்டார், பஸ் டைம் எழுதுகிற மாதிரி ஆசையாக எழுதினேன், எழுத்து பொடியாகிப் போய் யாராலும் படிக்க முடியவில்லை. சிஸ்டர் அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் அவரே எழுதி ஒட்டினார், கீழே என் பெயரைப் போட்டார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து வருகிற புதன்கிழமை, ஏப்ரல் இரண்டாம் தேதி, போகிறேன். சின்னப்பனுக்கு வருத்தம். ஊரு என்ன பேசும்ணா, தம்பி இருக்கறப்ப அண்ணனை ஆசிரமத்துல வுட்டுட்டான்னு சொல்லுவாங்களே என்று அழுதான். நீ வாராவாரம் வந்து என்னோடு வராந்தாவில் நட, அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்றேன். இன்னும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. நீயும் அவனுக்கு ஒரு வரி எழுது, இது அப்பாவின் சொந்த முடிவு என்று. நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு. நீ வந்தாலும் எனக்கு அலாரம் அடிக்க வேண்டும், கோடு வேண்டும். உன் கையால் ஊட்டிக்கொண்டு உன் முகத்தில் என் வியாதியைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சேருவதற்கு ஒரு விண்ணப்பம் நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, வியாதி எல்லாம் எழுதினேன். கடைசியில், காலமானால் எங்கே அடக்கம், நெருங்கிய உறவினரின் சம்மதம் என்று ஒரு இடம். மகளுக்கு எழுதி அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள், காத்திருக்கிறோம் என்றார் சிஸ்டர். வேண்டாம் சிஸ்டர், அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள் என்று சட்டைப் பையிலிருந்து உன் தந்தியை எடுத்து அந்த விண்ணப்பத்தோடு குண்டூசியால் குத்திக் கொடுத்தேன். சிஸ்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அதை அப்படியே ஃபைலில் வைத்தார். நீ அதற்காக ஒன்பது தடவை மன்னிப்பு கேட்டிருக்கிறாய், எனக்கு அது உபயோகமான காகிதம் பாப்பா. என்னை எங்கே வைக்க வேண்டும் என்று நீ யோசித்துச் சொல்லியிருக்கிறாய், நானே எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், அம்மா பக்கத்தில். உனக்குத் தந்தி கொடுக்கக் கூடாது என்றும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, எத்தனை மணி, கடைசியாக எந்த வேளை மாத்திரை, என்ன சாப்பிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி ஒரு கடிதம் வரும். அதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. அந்த மாதிரிப் பதிலை ஒரு பெண் தன் அப்பனுக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்து உனக்கு லீவு கிடைக்கும்போது, என் சாவுக்கு என்று இல்லாமல் சும்மா வா. காலை எட்டு இருபதுக்கு அரூரில் தீர்த்தமலை பஸ் இருக்கிறது, இல்லத்து வாசலிலேயே நிறுத்துவான், எட்டு நாற்பத்தைந்துக்கு இறங்கிவிடலாம். அப்போது ஏழு மணி மாத்திரை நன்றாக ஏறியிருக்கும். அதற்கு அடுத்த பஸ்ஸில் மட்டும் வராதே, அது பத்து ஐம்பதுக்குத்தான் வந்து சேரும், அந்த நேரத்து முகத்தை உனக்குக் காட்ட எனக்கு மனசில்லை. எட்டு இருபதில் வந்தாயானால் வராந்தா முழுக்கத் தடி இல்லாமல் நடந்து, கேட் வரைக்கும் வந்து, நானே உன் பெட்டியை வாங்கிக்கொள்வேன்.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், சேசு உன் கையால் தொட்ட நோயாளிகளை எல்லாம் சுகமாக்கட்டும். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கிறேன் என்று வெறும் வயிற்றோடு இரண்டு டியூட்டி பார்க்காதே. தீர்த்தம்மாளுக்கு ஒரு புடவை, இள நீலத்தில், அவளுக்கு அதுதான் பிடிக்கும், வரும்போது மறக்காமல் கொண்டுவா. இன்று பத்தரை தாண்டியும் கை ஓடியது. அலாரம் அடிக்கிறது, நிறுத்திவிட்டு மாத்திரை போட வேண்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அப்பா,
ம. சவுரியப்பன்
புதன், காலை பதினொன்று